நீலக் கெண்டைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

நகுமோ யாசுஹெய் முப்பது வருஷம் எங்கள் ஊர்ச் சாலைகளைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர். கேட்டவர் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஜப்பானில் இருக்கும் எங்கள் ஒஜியாவில் டிசம்பர் முதல் மார்ச் வரை பனி விழும். சாலையின் நடுவில் வரிசையாக இருக்கும் துளைகளிலிருந்து நிலத்தடி நீர் பீறிட்டு, விழுகிற பனியை விழுந்த இடத்திலேயே கரைத்துவிடும். அந்தத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். அதனால் ஊர்ச் சாலைகளெல்லாம் துருப்பிடித்த சிவப்பாக இருக்கும். குழாய் எங்கே கசிகிறது என்பதை ஒவ்வொரு இடமாகத் தோண்டிப் பார்க்க முடியாது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் தலையில் கிண்ணம் மாதிரி ஒரு மூடி. நுனியைச் சாலையில் ஊன்றி, கிண்ணத்தைக் காதில் வைத்தால் மண்ணுக்குள் ஓடும் தண்ணீர் கேட்கும். நகுமோவின் வேலை அதுதான்.

நான் ஹொகாரி. அவருக்கு வண்டி ஓட்டியவன். யாசு சான் என்று மரியாதையோடு கூப்பிடுவேன். அவர் கம்பியை ஊன்றிக் கண்ணை மூடினால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. தோளிலும் தொப்பியிலும் பனி ஏறிக்கொண்டே போகும்.

"யாசு சான், கசிவு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப குறி போட்டுட்டு வாங்க. கை விறைக்குது."

"கொஞ்சம் இருப்பா. கேக்க நல்லாயிருக்கு."

அவர் அப்படிப்பட்ட மனுஷர். பாதி இங்கே, பாதி வேறெங்கேயோ. இரண்டு முறை பெண் பார்க்க ஏற்பாடானது. முதல் பெண்ணுக்கு இவரைப் பிடிக்கவில்லை. இரண்டாவது பெண்ணுக்கு ஏறக்குறையப் பிடித்துவிட்டதாம். விருந்தின் நடுவில் இவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. பெற்றோர் விட்டுப்போன வீட்டில், அவர்கள் வாங்கிய கிண்ணத்தில் மிசோ சூப் குடித்து, அப்பாவின் பழைய மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு ஐம்பத்து மூன்று வயது வரை தனியாக வாழ்ந்தார். கூரைப் பனி சரிந்து விழுந்து கரைவதற்காக வீட்டை ஒட்டி ஒரு குளம். அதில் அப்பா விட்டுப்போன நான்கு கறுப்புக் கெண்டைகள்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயதான வருஷம் அக்டோபர் கடைசியில் மீன் சந்தை நடந்தது. நாங்கள் இருவரும் பம்புக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கத்தான் போனோம். வெள்ளையும் சிவப்புமாக வண்ணக் கெண்டைகள் நீலத் தொட்டிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. ஹொம்மா என்ற வியாபாரியின் தொட்டிக்கு முன்னால் நகுமோ நின்றுவிட்டார். உள்ளே ஒரே ஒரு மீன். முழங்கை முதல் விரல் நுனி வரையிலான நீளத்தைவிடச் சற்றுப் பெரியது. முதுகு முழுக்க அவுரி நீலம். ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் மெல்லிய வெளிர்க்கோடு. வயிற்றோரத்தில் மட்டும் ஒரு பூச்சு சிவப்பு. அது அசையாமல் நின்றது. இவரும் அசையாமல் நின்றார்.

"பாக்கறதுக்குக் காசு இல்லைங்க," என்றார் ஹொம்மா. "அதுக்காக இவ்வளவு நேரமா பாக்கறது?"

"எவ்வளவு?"

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் யென்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "யாசு சான், நாம வந்தது வளையம் வாங்க."

"பனி வரப்போற வானம் மாதிரி இருக்கு பாரு," என்றார். தெருமுனைக்குப் போய் வங்கி இயந்திரத்திலிருந்து பணம் எடுத்து வந்தார். ஹொம்மா முத்திரை குத்திய ரசீதும் மீனின் புகைப்படமும் கொடுத்தார். நகுமோ தன் வாழ்க்கையில் தானே பார்த்து, தனக்குப் பிடித்து வாங்கிய முதல் பொருள் அந்த மீன்தான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ரப்பர் வளையத்தை வாங்க மறந்து திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகு வண்டியில் மீன் பேச்சுதான். இன்றைக்குக் கல்லுக்குப் பின்னால் நின்றது, இன்றைக்கு வால்பக்கமாக வந்தது, இன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாத நாளைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவார். அடுத்த இலையுதிர் காலத்தில் ஊரில் மீன் கண்காட்சி வந்தபோது, "சும்மா பேசிட்டே இருக்கீங்களே, கொண்டு போய்க் காட்டுங்களேன்," என்று தூண்டிவிட்டவன் நான். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கண்காட்சியில் மீன்களைத் தூக்கி மாற்றும் வேலைக்கு மலையூர்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். தொச்சிசாவா என்ற மேட்டுக் கிராமத்திலிருந்து வந்த மெகுரோ தோமி அவர்களில் ஒருத்தி. அறுபத்து மூன்று வயது, குள்ளம், முழங்கால் வரை ரப்பர் காலணி. வலை போட்டால் செதில் உரியும் என்பதால் அகலக் கிண்ணியில் தண்ணீரோடு மீனை அள்ளுவார்கள். தோமி எங்கள் மீனை அள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கிண்ணியைக் கீழே வைத்தாள். தொட்டியைச் சுற்றி வந்து மீனின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே நடுவரிசையில் ஒரு செதில் பக்கத்துச் செதிலின் மேல் கோணலாக ஏறியிருக்கும். மீனின் அழகே அந்தக் கோணலில்தான் இருக்கிறது என்று நகுமோ என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"இது என்னோடது," என்றாள் தோமி.

கூடத்திலிருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

நகுமோ புன்னகைத்தார். பாராட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார். "ஆமாங்க, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்குன்னு சொல்லல. என்னோடதுன்னு சொல்றேன். போன வருஷம் ஜூன் பதினாலாம் தேதி என் குளத்திலருந்து திருடிட்டுப் போனாங்க. போலீசுல எழுதிக் குடுத்திருக்கேன்."

திருட்டு மீன் என்ற சொல் தொட்டிக்குத் தொட்டி போனது. நகுமோ பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினார். அவசரத்தில் ரசீதின் ஒரு மூலை தண்ணீரில் நனைந்தது. அன்று மாலைக்குள் தோமியின் அண்டை வீட்டுக்காரர் அவள் வைத்திருந்த புகைப்படங்களைக் கொண்டு வந்து சேர்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதே கோணல் செதில், பதினோரு வருஷப் படங்களில். ஹொம்மாவின் பேரேட்டில் விற்றவன் பெயரும் முகவரியும் இருந்தன. போலீஸ்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்த முகவரியில் கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. திருடன் கடைசி வரை அகப்படவில்லை.

நகராட்சியில் மாதம் ஒருநாள் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்வார்கள். இருவரும் அங்கே போனார்கள். நகுமோவுக்குத் துணையாக நானும் போனேன். உரியூ என்ற வக்கீல், நல்ல இளைஞர், ஒரு காகிதத்தில் மீன் படம் வரைந்து இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வட்டம் போட்டார்.

"மெகுரோ சான், திருட்டுப்போன பொருள் யார்கிட்ட இருந்தாலும் நீங்க கேக்கலாம். திருடுபோன நாள்லருந்து ரெண்டு வருஷம் வரைக்கும்."

"அப்ப குடுக்கச் சொல்லுங்க."

"இருங்க, ஒரு ஆனா இருக்கு. நகுமோ சான் திருட்டுன்னு தெரியாம, சந்தையில, மீன் விக்கறவர்கிட்டயே வாங்கியிருக்காரு. அப்படி வாங்கினவரை சட்டம் வெறுங்கையோட விடாது. அவர் குடுத்த காசை நீங்க குடுத்துத்தான் எடுத்துக்கணும்."

தோமி காகிதத்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மீனை நான் காசு குடுத்து வாங்கணுமா?"

"சட்டம் அப்படித்தான் சொல்லுதுங்க."

"ஜூன் பதினாலு தாண்டிட்டா?"

"அப்புறம் அது அவரோட மீன். முழுசா."

நகுமோவுக்குக் காசில் பெரிய ஆசை கிடையாது. இப்போது மெல்லக் கேட்டார். "நான் காசு வேண்டாம்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டா?"

"அது உங்க இஷ்டம்," என்றார் வக்கீல்.

காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தோமி கொதித்துப் போயிருந்தாள். "ஓகோ! திருட்டுப் பொருளைத் திருப்பிக் குடுத்துட்டு ஊர்ல நல்ல பேரு வாங்கிக்கலாம்னு பாக்கறீங்களா? கண்காட்சியில கெட்டுப்போன பேரு இப்படிச் சரியாயிடும், இல்ல?"

நகுமோவின் முகம் காது வரை சிவந்தது. எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார். வண்டி ஷினானோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு சொன்னார்.

"திருப்பிக் குடுத்தா நான் எடுத்த மாதிரிதானே ஆகும், ஹொகாரி?"

"அந்தம்மா கோவத்துல பேசிட்டாங்க."

"கோவத்துல பேசினாலும் சரியாத்தான் பேசினாங்க. எடுத்தவன்தான் திருப்பிக் குடுப்பான்."

அடுத்த வாரமே முதல் பனி விழுந்தது. தண்ணீர் குளிர்ந்ததும் கெண்டைகள் அடியில் போய் நின்றுவிடும். சாப்பிடாது, அசையாது. அந்த நிலையில் மீனை இடம் மாற்ற எங்கள் பக்கத்தில் யாரும் துணியமாட்டார்கள். ஏப்ரல் வரை எதுவும் செய்ய முடியாது என்று ஆகிவிட்டது. டிசம்பர் நடுவில் நகுமோவின் வீட்டுக்கு ஒரு போன் வந்தது.

"மெகுரோ பேசறேன். வந்து பாக்கலாமா? பாக்கறதுக்கு மட்டும்."

"வாங்க," என்றார் நகுமோ.

அதிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தோமி மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்தாள். முதல் முறை இருவரும் குளக்கரையில் நின்றுகொண்டே இருந்ததாக நகுமோ சொன்னார். குளத்தின் முக்கால்வாசியைக் கூரைப் பனி மூடியிருந்தது. ஊற்று வரும் இடத்தில் மட்டும் ஒரு கதவளவுக்குக் கறுத்த தண்ணீர். அதற்குள் எங்கேயோ மீன். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் தோமி போனாள். அவள் நின்ற இடத்தில் துணியில் சுற்றிய ஊறுகாய்ப் பொட்டலம் இருந்தது. உப்பில் ஊறிய கீரைத்தண்டு. வக்கீல் அறையில் பேசியதற்கு அவள் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று நகுமோ எடுத்துக்கொண்டார். இரண்டு கிண்ணம் சோற்றோடு தின்று தீர்த்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். காற்றே இல்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தது. வீடு, வேலி, மலை எதுவும் தெரியவில்லை. நகுமோ உள்ளே போய்த் தன் இரும்புக் கம்பியை எடுத்து வந்தார். நுனியைக் கறுத்த தண்ணீருக்குள் விட்டுக் கல்லில் ஊன்றி, கிண்ணத்தைத் தோமியின் பக்கம் சாய்த்தார்.

"மீன் சத்தம் கேக்காது. ஆனா அது எந்தத் தண்ணியில தூங்குதுன்னு கேக்கும்."

தோமி முக்காட்டைத் தள்ளிக் காதை வைத்தாள். அவள் கண் தானாக மூடிக்கொண்டது. பனி அவள் புருவத்தில் உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். எனக்குக் கால் மரத்துப்போனது. கடைசியில் கண்ணைத் திறந்தவள், "ரொம்பத் தள்ளி யாரோ அரிசி களையற மாதிரி இருக்கு," என்றாள்.

"அதேதான்!" என்றார் நகுமோ. ஒரே சத்தம் இன்னொருவருக்கும் அப்படியே கேட்டது இதுதான் முதல் தடவை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது எப்போதும் ஓட்டைக் குழாய்ச் சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது.

அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து டீ குடிக்கும்போது தோமி தன் கதையைச் சொன்னாள். முப்பத்தைந்து வருஷம் ஒரு மீன் பண்ணையில் குஞ்சு கழிக்கும் வேலை. ஒரு மீன் போடும் முட்டையிலிருந்து லட்சக்கணக்கில் குஞ்சுகள் வரும். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, நிறம் கூடாதவை, உருவம் கோணியவை எல்லாவற்றையும் சின்னக் கரண்டி வலையால் கழிக்க வேண்டும். நூற்றில் இரண்டு மூன்று தேறினால் அதிகம்.

"யோசிச்சா முடியாது. கை அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். என் கையால எத்தனை கழிச்சிருப்பேன்னு எண்ணினா தூக்கம் வராது. எண்ணினதில்ல." டீக் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே பேசினாள். "இது கோணச் செதிலு. கழிவு வாளியிலதான் போட்டேன். போட்ட கை திரும்பி வாளிக்குள்ள போயி அதையே எடுத்துது. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. முதலாளி சிரிச்சாரு. எடுத்துட்டுப் போ தோமி, அது நல்லா வந்தா என் தலைய மொட்டையடிச்சுக்கறேன்னாரு."

"அடிச்சாரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு முன்னாடியே வழுக்கை. அதான் தைரியமாச் சொன்னாரு."

பதினோரு வருஷம் வளர்த்தாள். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் நகரத்துக்குப் போனபோதுதான் குளத்தில் கைவைத்துவிட்டார்கள்.

மார்ச்சில் பனி தளர்ந்தது. ஏப்ரலில் நீலக் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்தது. நகுமோ அன்றே அவளுக்குப் போன் செய்தார். அவள் வந்ததும், சுவர்க் காலண்டரில் தான் சிவப்பு வட்டம் போட்டிருந்த தேதியைக் காட்டினார்.

"ஜூன் பதினாலு. அதுக்குள்ள நீங்க கேக்கலேன்னா எனக்கு ஆயிடும். உங்களுக்கு மறந்துபோச்சோன்னு தோணிட்டே இருந்துது. சொல்லாம இருக்க முடியல."

"மறக்கல," என்றாள் தோமி. "காசும் இருக்கு. இல்லாம இல்ல. ஆனா வாங்கமாட்டேன்."

"ஏன்?"

"வாங்கினா அது நான் கடையில வாங்கின மீன் ஆயிடும். எல்லாரும் வாங்கற மாதிரி. நான் அதை வாங்கல. வாளியிலருந்து எடுத்தேன். அதை மாத்த எனக்கு மனசில்ல. உங்க தண்ணி நல்ல தண்ணி. இங்கேயே இருக்கட்டும்."

நகுமோ அவளுக்கு இன்னொரு டீ ஊற்றினார். அவர் சொல்லிக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வண்டியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா இவ்வளவு சொன்னப்புறமும் சும்மா இருக்கீங்களே. தூக்கிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"நாள் ஆகட்டும்," என்றார், ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு.

"எந்த நாள்? ஜூன் பதினாலா? முழுசா உங்களுக்கு ஆகட்டும்னு காத்திட்டிருக்கீங்களா?"

"ஆமாம்," என்றார்.

இப்படிப் பச்சையாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை அவரோடு சாப்பிடுவதை நிறுத்தினேன். வக்கீல் உரியூவும் பிற்பாடு என்னிடம் சொன்னார். மே மாதத்தில் நகுமோ தனியாக வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். பதினைந்தாம் தேதி காலையில் மீன் தனக்கே சொந்தம்தானே, வேறு யாரும் அதில் ஒரு செதில் கூடக் கேட்க முடியாதே என்று. முடியாது என்றதும், முகமெல்லாம் மலர்ந்து வணங்கிவிட்டுப் போனாராம். இந்த அப்பாவி முகத்துக்குள் இவ்வளவு பேராசையா என்று வக்கீலும் நினைத்திருக்கிறார்.

ஜூன் பதினான்காம் தேதி மழைக்காலத்துத் தூறல். தோமி காலைப் பேருந்தில் வந்தாள். குளக்கரையில் குடையை விரித்து உட்கார்ந்தாள். நகுமோ விடுப்பு எடுத்திருந்தார். இருவரும் மீனைப் பற்றிப் பேசவில்லையாம். வயலில் தவளை கத்துவது பற்றி, தோமியின் தங்கைக்குப் பேரன் பிறந்தது பற்றி, எந்த ஊர் சோபா நூடுல்ஸ் நன்றாக இருக்கும் என்பது பற்றிப் பேசியிருக்கிறார்கள். நூடுல்ஸில் மட்டும் சின்னச் சண்டை. தூறல் தண்ணீர் முழுக்க வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. நீலக் கெண்டை மேலே வந்தது, கீழே போனது. கடைசிப் பேருந்துக்கு நேரமானபோது தோமி எழுந்து, பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். குளத்தைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினாள். போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுப் போன் அடித்தது.

"ஹொகாரி, வண்டிய எடுத்துட்டு வா. பெரிய தண்ணித் தொட்டியும் வேணும்."

"எதுக்கு? இன்னொரு மீன் வாங்கப் போறீங்களா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"வாயேன்."

போனபோது அவர் இடுப்பளவு குளத்தில் நின்றுகொண்டிருந்தார், கிண்ணியோடு. கறுப்புக் கெண்டைகள் நான்கும் கலவரப்பட்டு ஓடின. நீலக் கெண்டை மட்டும் அவசரமில்லாமல் கிண்ணிக்குள் வந்தது. தொட்டியில் விட்டு, காற்றுக்குழாய் போட்டு, ஈரத் துணியால் மூடினோம். "எங்கே?" என்றேன். மலைப்பக்கம் கையைக் காட்டினார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பாதி வழியில், மேகம் சாலையில் இறங்கி நிற்கும் வளைவுகளில், விளக்கைப் போட்டு ஊர்ந்துகொண்டிருந்தபோது மெல்லப் புரிந்தது. பேச வாயெடுத்தேன். அவர் பின்பக்கம் திரும்பித் தொட்டித் தண்ணீர் தளும்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

தொச்சிசாவாவில் பத்து வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். தோமி வாசலில் பூண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"நேத்தோட முடிஞ்சுதே நகுமோ சான். இப்ப எதுக்கு?"

நகுமோ தொப்பியைக் கழற்றினார். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார் போல. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நேத்து வரைக்கும் அது என்னோடது இல்ல. என்னோடது இல்லாததை நான் எப்படிக் குடுக்கறது? குடுத்தா, திருப்பிக் குடுத்ததாத்தான் ஆகும். நான் எடுக்கலையே. இன்னைக்கு அது என்னோடது. வக்கீல்கிட்டயும் கேட்டுட்டேன். ஒரு செதில் பாக்கியில்லாம என்னோடது. அதான் கொண்டு வந்தேன். திருப்பிக் குடுக்கல. குடுக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எங்கள் அலுவலகத்துக் குழாய்ப் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம். அதில் அவர் கையெழுத்தில் எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது: நீலக் கெண்டை ஒன்று, இடப்பக்கம் கோணல் செதில், என் சொந்தப் பொருளான இதை மெகுரோ தோமி அவர்களுக்குப் பரிசாக அளிக்கிறேன்.

தோமி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். காகிதத்தைத் திருப்பி, பின்னால் குழாயின் விட்டம், அழுத்தம் என்றிருந்த கட்டங்களையும் படித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. நகுமோ பழக்க தோஷத்தில் அதையும் தலை சாய்த்துக் கேட்டார். திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

"வாங்கமாட்டேன்னு சொன்னேன்," என்றாள். "வேற வழியில்ல. இப்ப வாங்கிக்கறேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஏப்ரலிலிருந்து நான் பேசியதும் பேசாததும் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "தொட்டியோட அந்தப் பக்கத்தைப் பிடி, தளும்புது," என்றார் நகுமோ.

மீனைக் குளத்தில் விட்டோம். அது ஒரு சுற்று சுற்றி, நேராக அடியில் இருந்த பாறைக்குப் பின்னால் போய்விட்டது. வெளியே வரவே இல்லை. தோமி கைநீட்டி அழைத்தாள், கரையைத் தட்டினாள், பட்டுப்புழுவைத் தீனியாகப் போட்டாள். பதினோரு வருஷப் பழக்கம் எதுவும் அதற்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் சாப்பிட்டு, டீ குடித்து, மதியம் தாண்டியும் பார்த்தோம். வரவில்லை.

அடுத்த ஒன்பது நாளும் காலையில் நகுமோவுக்குப் போன் வந்தது. "இன்னைக்கும் வரல."

"தண்ணி புதுசுல்ல. பழகட்டும்."

"புதுசா? அது வளந்த தண்ணிங்க!"

பத்தாம் நாள் போனில் தோமி முதலில் மழையைப் பற்றிப் பேசினாளாம். பிறகு பூண்டு விலை. பிறகு, ஏதோ அதுவும் ஒரு சேதி என்பது போல, "சாப்பிட்டுச்சு," என்றாள்.

நகுமோ மலைக்கு அடிக்கடி போய்வரத் தொடங்கினார். தோமியின் குளத்துக்கு வரும் ஓடையில் கம்பிக் கதவு வைத்துப் பூட்டுப் போட்டுக் கொடுத்தார். பரிசு வாங்கினால் பதிலுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தோமி புது அரிசி கொடுத்தாள், காளான் கொடுத்தாள், ஊறுகாய் கொடுத்தாள், நிறுத்தவே இல்லை. "இப்படியே போனா மீனோட விலைய ஊறுகாயிலயே கட்டிடுவீங்க. அப்புறம் அது வாங்கின மீன்தான்," என்று நகுமோ பயமுறுத்தினார். அதற்கும் ஒரு பொட்டலம் வந்தது. அவர்கள் இருவரையும் சேர்த்து ஊரில் கதை கட்டினார்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவருக்கு அதற்கு முன் அப்படி ஒருவரும் இருந்ததில்லை. ஹொம்மா இருவருக்கும் ஆளுக்கொரு மூட்டை மீன் தீனி அனுப்பிவைத்தார். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று கூடவே ஒரு சீட்டு.

நகுமோ இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக் குளத்தில் பழைய கறுப்புக் கெண்டைகள் மட்டும்தான். வேறு மீன் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு, இன்னும் ஒன்றும் தோன்றவில்லை என்பார்.

போன அக்டோபரில் தோமி வீட்டிலிருந்து இறங்கி வரும்போது நான் அவரிடம் கேட்டேன். அன்றையிலிருந்தே எனக்குள் இருந்த கேள்விதான்.

"யாசு சான், சட்டப்படி அந்த மீன் எத்தனை நேரம் உங்களோடதா இருந்துது?"

விரல் விட்டு எண்ணினார். "ராத்திரி பன்னெண்டுலருந்து நாம மலைக்குப் போய்ச் சேந்த எட்டு மணி வரைக்கும். எட்டு மணி நேரம்." மறுபடி எண்ணிப் பார்த்து, "அதுலயும் அஞ்சு மணி நேரம் தூங்கிட்டேன்," என்றார்.

"வருத்தமா இருக்கா?"

வளைவில் மேகம் இறங்கியிருந்தது. வேகத்தைக் குறைத்து விளக்கைப் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தோமி கொடுத்த அரிசி மூட்டையில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.